சாணச் சுடரில் பிறக்கும் குளிர்

நெருப்பைக் கொண்டு குளிரை உண்டாக்கலாம் என்று கூறினால் வியப்படைவோர் பலர். அந்த நெருப்பும் மாட்டுச் சாணத்திலிருந்து எழும் வாயுவினால் எரிவது என்று சேர்த்துக் கூறினால், கேட்பவர் சிரிக்கவும் கூடும். ஆயினும் இவ்விரண்டும் மெய்யே. சுடரினால் இயங்கும் குளிர்சாதனப் பெட்டி உலகிற்கு வந்து நூறாண்டு ஆகிவிட்டது. சாண வாயுவின் பயன் அதற்கும் முன்னரே அறியப்பட்டது. இவ்விரண்டையும் ஒரே வீட்டு வளவுக்குள் கூட்டிவைக்க முடியுமா, முடியுமாயின் அதனால் யாருக்கு நன்மை, யாருக்கு வீண்செலவு என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு ஓர் ஊர் வேண்டும். அம்பாறை மாவட்டத்தில், கடற்கரைப் பட்டினங்களிலிருந்து உள்ளே தள்ளி அமைந்த இறக்காமம் அதற்குப் பொருத்தமானது. குளத்தையும் வயலையும் மாட்டையும் நம்பி வாழும் முஸ்லிம் மக்களின் ஊர் அது. அங்கு நெல்லும் வைக்கோலும் உண்டு. பசுவும் எருமையும் உண்டு. குளத்து மீனும் உண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் உழ்ஹிய்யா இறைச்சி வீடுதோறும் வந்து சேரும். இவற்றுள் நெல்லையும் வைக்கோலையும் தவிர மற்றவை யாவும் ஒரு பகல் வெயிலுக்குத் தாங்காதவை. அன்றியும், இன்று நீரிழிவு நோய் பட்டினம், நாட்டுப்புறம் என்ற வேறுபாடு பாராது பரவியிருக்கின்றது. இன்சுலின் மருந்துக் குப்பியைக் குளிரில் வைத்துக் காக்கவேண்டிய வீடுகள் எந்த ஊரிலும் உள்ளன.

2022ஆம் ஆண்டை இலங்கை மக்கள் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டு மார்ச்சு மாதம் 31ஆந் திகதி 13 மணி நேர மின்வெட்டு நிகழ்ந்தது. சமையல் எரிவாயுச் சிலிண்டருக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஆகத்து மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரேயடியாக ஏறிற்று. மின்சாரம், எரிவாயு, மண்ணெண்ணெய் ஆகிய மூன்றும் ஒருங்கே கைவிட்ட அக்காலத்தில், தொழுவத்தில் கிடந்த சாணத்தின்மீது பலருடைய பார்வை திரும்பியதில் வியப்பில்லை. அடுப்பெரிக்கும் வாயு குளிர்சாதனப் பெட்டியையும் இயக்காதா என்ற கேள்வி அதன்வழி பிறப்பது இயல்பே.

முதலில் அப்பெட்டியின் உள்ளமைப்பைப் பார்க்கலாம். அமோனியா என்னும் வாயுவை நீர் பேராசையோடு உறிஞ்சிக்கொள்ளும். சூடேற்றினால் மீண்டும் வெளிவிடும். இக்குணத்தைப் பயன்படுத்திப் பனிக்கட்டி செய்யும் இயந்திரத்தைப் பிரான்சு நாட்டவரான பெர்டினாண்டு கரே என்பவர் 1859ஆம் ஆண்டளவில் அமைத்தார். அது ஆலைக்குரிய பெரிய பொறி. அதனை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் சுவீடன் நாட்டு மாணவர் இருவர். பால்சார் வொன் பிளாட்டன், கார்ல் முந்தர்சு என்னும் அவ்விருவரும் 1922இல், சிடொக்கோம் நகரின் தொழினுட்பக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தபோதே, அசையும் உறுப்பு ஒன்றுமில்லாத குளிர்ப்பெட்டியை உருவாக்கினர். 1925 முதல் எலெக்ரோலக்சு நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பெட்டியின் பின்புறத்தில் முற்றாக அடைக்கப்பட்ட குழாய்களுள் அமோனியாவும் நீரும் ஐதரசன் வாயுவும் இருக்கின்றன. அடியில் எரியும் சிறு சுடர் அமோனியாக் கரைசலைக் கொதிக்க வைக்கின்றது. கொதித்தெழும் அமோனியா மேலே சென்று, வெளிக்காற்றில் வெப்பத்தை இழந்து திரவமாகின்றது. அத்திரவம் பெட்டிக்குள் உள்ள குழாயில் இறங்கி, ஐதரசனோடு கலந்து ஆவியாகும்போது, ஈரத் துணி உடலின் சூட்டை வாங்குவதுபோலப் பெட்டியின் சூட்டை வாங்கிக்கொள்கின்றது. பின்னர் நீர் அதனை உறிஞ்சிச் சுடரிடம் மீண்டும் கொண்டுசெல்கின்றது. மோட்டார் இல்லை; ஓசை இல்லை; தேய்வதற்கு ஒன்றுமில்லை. மின்சாரம் எட்டாத நாடுகளில் மண்ணெண்ணெய்ச் சுடரால் இயங்கும் பெட்டிகள் தோட்டத்துப் பங்களாக்களிலும் மருந்தகங்களிலும் பல்லாண்டு உழைத்தன. தடுப்பூசி மருந்துகளைக் காத்துவைத்த புண்ணியமும் அவற்றுக்கு உண்டு. சுடர் எந்த எரிபொருளால் எரிகின்றது என்பதுபற்றி அப்பெட்டிக்குக் கவலையில்லை. அடியில் ஒழுங்கான வெப்பம் இருந்தாற் போதும்.

அந்த வெப்பத்தைச் சாணம் தருமா? தரும். காற்றுப் புகாத தொட்டியில் சாணத்தையும் நீரையும் சம அளவில் கரைத்து விட்டால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து வாயுவாக்குகின்றன. அவ்வாயுவில் ஏறத்தாழ 100க்கு 60 பங்கு மெதேன்; எஞ்சியதிற் பெரும்பங்கு காபனீரொட்சைட்டு. பம்பாயின் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கழிவிலிருந்து வாயு எடுக்கப்பட்டது. 1950களில் யசுபாய் பட்டேல் என்பவர் கிராமலட்சுமி எனப் பெயரிட்டு அமைத்த மிதக்கும் தொட்டியை இந்தியக் கதர் கிராமத்தொழில் ஆணைக்குழு பின்னர் நாடெங்கும் பரப்பிற்று. இலங்கையில் 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது இம்முயற்சி ஊக்கம் பெற்றது. 1974இல் தோன்றிய தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், வைக்கோலை மொத்தமாக அடைத்து மாதக்கணக்கில் வாயு பெறும் ஒரு முறையையும் வகுத்தது. நெல் விளையும் அம்பாறைக்கு அம்முறை அந்நியமானதன்று.

இதுவரை கூறியதைக் கேட்டு, நாளைக்கே கொத்தனாரை அழைக்க எண்ணுவோர் சற்றுப் பொறுக்க வேண்டும். கணக்கு இனித்தான் வருகின்றது.

ஏறத்தாழ 25 கிலோ பச்சைச் சாணம் ஒரு கன மீற்றர் வாயுவைத் தரும். ஆறு பேர் கொண்ட குடும்பத்தின் சமையலுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கன மீற்றர் வரை வேண்டும். 100 லீற்றர் கொள்ளளவுள்ள சிறிய குளிர்சாதனப் பெட்டிக்கோ, நம் நாட்டு வெப்பத்தில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கன மீற்றர் தேவைப்படும். பெரிய பெட்டியாயின் 3 கன மீற்றர். அஃதாவது, ஒரு சிறு பெட்டி ஒரு குடும்பத்தின் அடுப்புக்குக் குறையாமலே உண்ணும். அடுப்பை அணைத்துவிட்டு உறங்கலாம். பெட்டியின் சுடர் இரவும் பகலும் அணையாது எரிந்தாக வேண்டும்.

இரண்டு கன மீற்றருக்கு 50 கிலோ சாணம். நன்கு தீனி தின்னும் மாடு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ சாணம் இடும். எருமை 15 கிலோ வரை இடும். ஆகவே ஐந்து மாடுகள் போதும் என்று தாள் கூறும். ஆனால் அந்த ஐந்தும் முழுநாளும் கொட்டிலில் நின்று தின்பவையாக இருக்க வேண்டும். இறக்காமத்து மாடு காலையில் அவிழ்த்துவிடப்பட்டு, மேய்ந்து திரிந்து, அந்தியில் பட்டிக்கு வருவது. அது பகலில் இடும் சாணம் குளக்கரைக்கும் வயல்வெளிக்கும் உரியது. வீட்டுக்காரனுக்குக் கிடைப்பது இரவில் இட்டதுமட்டுமே. எனவே பெட்டிக்கு மட்டும் பத்து மாடுகள் வேண்டும். சமையலையும் சேர்த்தால் இருபதை நெருங்கும். தொட்டியோ, நாளொன்றுக்கு 90 கிலோ சாணமும் அதேயளவு நீருமாக, 40 நாட்கள் ஊறுவதற்கு 7 கன மீற்றருக்குக் குறையாத கொள்ளளவு உடையதாக இருத்தல் வேண்டும்.

இருபது மாடு உள்ள குடும்பங்கள் இப்பகுதியில் இல்லாமலில்லை என்று சிலர் கூறலாம். உண்மைதான். ஆயின் அங்கே இன்னொரு சிக்கல் இருக்கின்றது. எண்ணிக்கையைவிட அதுவே பெரியது. வயலிலே பயிர் நிற்கும் காலத்தில் பட்டி மாடுகளை ஊரில் வைத்திருக்க முடியாது. விதைப்புத் தொடங்கியதும் அவற்றைத் தொலைவிலுள்ள மேய்ச்சல் தரைகளுக்கு ஓட்டிச் செல்வர். அறுவடை முடிந்து தாள் மேயும் பருவத்தில்தான் அவை திரும்பும். பெரும்போகத்தில் ஒருமுறை, நீர் கிடைத்தாற் சிறுபோகத்தில் மறுமுறை என மாடுகள் மாதக்கணக்கில் ஊரைவிட்டு அகன்றிருக்கின்றன. சாணத்தொட்டிக்கோ நாள்தோறும் உணவு வேண்டும். ஒரு மாதம் பட்டினி போட்டால் வாயு வற்றிவிடும். மீண்டும் ஊட்டத் தொடங்கினால் பழைய அளவுக்கு வர வாரங்கள் செல்லும்.

இதனோடு கச்சான் காற்றையும் சேர்த்தெண்ண வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அக்காற்று வெந்து வீசும்போது, குளிர்சாதனப் பெட்டி தன் பின்புறக் குழாய்களின் வெப்பத்தை வெளிவிட இடரும். இவ்வகைப் பெட்டிகள் 32 பாகைக்கு மேற்பட்ட சூழலில் சோர்ந்துபோவது இயல்பு. சுடரைப் பெருக்கினாலும் பயன் குறைவு. வாயு மிகுதியாக வேண்டிய மாதங்களில் புல் காய்ந்து, மாடு மெலிந்து, சாணமும் குறைந்திருக்கும். தேவையும் வரவும் எதிரெதிர்த் திசையிற் செல்லும் இத்தகைய வரவுசெலவை எந்தக் கடைக்காரரும் விரும்பமாட்டார்.

ஆகையால் இக்கருவிக்கு உரியவர்கள் பட்டி மாடு வைத்திருப்போர் அல்லர். ஆண்டு முழுதும் கொட்டிலில் மாட்டைக் கட்டி, புல்லறுத்துப் போட்டு வளர்ப்போரே. கோழிப்பண்ணை நடத்துவோரையும் இவர்களோடு சேர்க்கலாம். சுமார் 300 கோழிகளின் எச்சம் ஒரு சிறு பெட்டிக்குப் போதுமான வாயுவைத் தரக்கூடும். பெருநாட்களில் அறுக்கப்படும் மாடுகளின் இரைப்பையிலுள்ள அரைத்த புல்லும் தொட்டிக்கு நல்ல தொடக்கம். வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அதில் நிறைந்துள்ளன. புதைத்துவிடும் பொருளுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

சாணத்தில் பிறந்த வாயு உணவுப் பொருளோடு சேரலாமா என்ற தயக்கம் சிலரிடம் எழுவதுண்டு. அதனை ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. குளிர்சாதனப் பெட்டியைப் பொறுத்தவரை, சுடர் பெட்டிக்கு வெளியே எரிகின்றது. வாயுவோ புகையோ உள்ளிருக்கும் உணவைத் தொடுவதில்லை என்பதை மட்டும் இங்கே கூறலாம்.

கொட்டில் மாடு உடையவர் இதனைச் செய்ய முற்பட்டால் கவனிக்க வேண்டியவை சில. சிலிண்டர் வாயுவுக்கென்று செய்த பெட்டியை அப்படியே பொருத்தினால் அது இயங்காது. சாண வாயு வலுக் குறைந்தது. ஒரு கன மீற்றர் ஏறத்தாழ அரைக் கிலோ சிலிண்டர் வாயுவுக்கே ஈடாகும். ஆகவே சுடர்முனையின் துளையை அகலப்படுத்தி, அதனோடு கலக்கும் காற்றைக் குறைத்தல் வேண்டும். இவ்வாயுவின் சுடர் மெதுவாகப் பரவுவது. சிறு காற்றுக்கும் அணைந்துவிடும். அணைந்தபின் வாயு தொடர்ந்து கசிந்தால் அறை முழுவதும் வெடிமருந்தாகும். சுடர் அணைந்தவுடன் வாயுவைத் தானே அடைக்கும் வால்வு உள்ள பெட்டியன்றி வேறெதையும் வாங்கலாகாது. இதில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

அழுத்தம் சீராயிருப்பதும் முக்கியமானது. நிலத்துள் புதைத்த கவிகைத் தொட்டியில் வாயு சேரச்சேர அழுத்தம் ஏறும்; செலவாகச் செலவாக இறங்கும். அடுப்புக்கு அதனாற் கேடில்லை. திருகைத் திருப்பிச் சரிசெய்து கொள்ளலாம். நள்ளிரவில் குளிர்ப்பெட்டியின் திருகைத் திருப்ப யார் விழித்திருப்பார்? மிதக்கும் மூடியுள்ள தொட்டியோ எப்போதும் ஒரே எடையால் வாயுவை அழுத்துவதாதலின், சுடரும் ஒரே அளவாக எரியும். இரும்பு மூடி துருப்பிடிக்கும், செலவும் கூடும் என்பது மெய். இருப்பினும் இந்த வேலைக்கு அதுவே ஏற்றது. வாயுவில் சிறிதளவு கலந்துள்ள ஐதரசன் சல்பைட்டு, முட்டை அழுகிய நாற்றமுடையது, சுடர்முனையை அரித்துவிடும். துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய குழலினூடாக வாயுவைச் செலுத்தினால் அது பெரும்பாலும் நீங்கும். குழாயில் நீர் கோர்த்து நில்லாதபடி சரிவாக அமைத்து, தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்கும் திருகு வைத்தல் வேண்டும். பெட்டியைச் சமதளத்தில், பின்புறம் காற்றோட்டமுள்ள இடத்தில் நிறுத்துவது இன்றியமையாதது. சாய்ந்து நின்றால் உள்ளே திரவம் ஓடாது, குளிரும் பிறக்காது.

இவ்வளவு பாடுபட்டு என்னதான் கிடைக்கும்? மாலைப் பாலைக் காத்து மறுநாள் விற்கலாம் என்பதே பலருடைய ஆசை. அதனையும் சற்று அளந்து பார்ப்பது நல்லது. கறந்த சூட்டிலுள்ள 10 லீற்றர் பாலை 4 பாகைக்குக் கொண்டுவருவது இச்சிறு பெட்டிக்கு ஓரிரவு வேலை. அதற்குள் பால் புளித்துவிடும். கிணற்று நீரில் பாத்திரத்தை அமிழ்த்தி முதலில் ஆற்றி, பின்னர் இரண்டு மூன்று லீற்றர் வைத்தால் காக்கலாம், அதற்குமேல் இயலாது. கிழக்கு ஆபிரிக்காவில் 2010களில் சிம்காசு என்னும் நிறுவனம் சிறு பண்ணையாளரின் மாலைப் பாலுக்கென்றே சாண வாயுவில் இயங்கும் தனிக் குளிரூட்டியைச் செய்து சோதித்தது. பாலை விரைந்து குளிர்விக்கும் வேலைக்குத் தனிக் கருவியே வேண்டும் என்பதை அம்முயற்சி காட்டுகின்றது. உகண்டாவில் வில்லியம் கிசாலிட்டா என்னும் பேராசிரியர் வேறு வழி கண்டார். சாண வாயுவால் பாலை முதலிற் சூடாக்கிக் கிருமிகளை அடக்கி, பின்பு நீர் ஆவியாகும் குளிர்ச்சியில் இரவு முழுதும் வைத்திருப்பது அவரது முறை. நம்மவர் மண்பானைத் தண்ணீரில் கண்ட குளிர்ச்சிதான் அது.

கிழக்கிலங்கைக்கு இம்முறையில் ஒரு குறிப்பு அடங்கியிருக்கின்றது. பாலைக் கெடாமற் காக்க நம் முன்னோர் கண்ட வழி தயிர். எருமைப் பாலைக் காய்ச்சி, சட்டியில் உறைய வைத்துவிட்டால், குளிர்சாதனப் பெட்டியின் துணையின்றி அது சந்தைக்குப் போகும். 10 லீற்றர் பாலைக் காய்ச்ச ஏறத்தாழ கால் கன மீற்றர் வாயு போதும். அதே பாலுக்காகக் குளிர்ப்பெட்டியை நாள் முழுதும் எரித்தால் அதனைப்போல எட்டு மடங்கு செலவாகும். பால் விற்பவருக்குச் சாண வாயு தரும் பெருநன்மை விறகை மிச்சப்படுத்துவதிலேயே இருக்கின்றது.

இறைச்சியையும் மீனையும் உறைய வைத்துக் காக்க இப்பெட்டியின் மேலறை மிகச் சிறிது. பெருநாளிறைச்சிக்கு உப்பும் வெயிலும் இன்றும் நம்பகமானவை. அறையைக் குளிர்விக்கும் பொறியைச் சாண வாயுவால் இயக்கலாமா என்று கேட்போரும் உண்டு. சாதாரண அறைக்குரிய குளிர் வேண்டுமாயின் மணிக்கு ஒரு கன மீற்றர் வாயு, அஃதாவது மணிக்கு 25 கிலோ சாணம் செலவாகும். அந்த வீட்டில் மனிதர்க்கு இடமிராது, மாடுகளே நிற்கும்.

எஞ்சுவது மருந்து. திறவாத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். அதற்கு வேண்டும் இடம் ஓர் உள்ளங்கையளவே. 13 மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்களில் மிகுந்த கவலைக்குரியதாக இருந்ததும் அதுவே. தனி வீட்டுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு மிகை. ஊரில் கொட்டில் மாடுகள் ஏராளமாக உள்ள ஒருவரோ, கூட்டுறவுப் பால் நிலையமோ ஒரு பெட்டியைப் பேணினால், சுற்றியுள்ள பல குடும்பங்களின் குப்பிகள் அதில் அடங்கும். பெட்டிக்குள் ஒரு வெப்பமானி கட்டாயம் தொங்க வேண்டும். இவ்வகைப் பெட்டிகள் சில வேளை மிகையாகக் குளிர்ந்துவிடும். உறைந்த இன்சுலின் பயனற்றது.

சூரிய ஒளித் தகடும் சிறிய மின்பெட்டியும் இன்று இவ்வேலையைக் குறைந்த தொல்லையோடு செய்கின்றன என்பதையும் மறைக்கலாகாது. சிறு மின்பெட்டி நாளொன்றுக்கு ஓர் அலகு மின்சாரத்தில் செய்வதை, சுடர்ப்பெட்டி 12 அலகு வெப்பத்தைத் தின்று செய்கின்றது. ஆயினும் தகடு எருத் தராது. தொட்டியிலிருந்து வழியும் கூழ், சாணத்திலிருந்த தழைச்சத்தை இழக்காத எரு. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கும்வரை வயலுக்கு என்ன இடுவது என்று திகைத்து நின்ற விவசாயிக்கு அதன் அருமை தெரியும். வாயுவைவிடக் கூழுக்காகவே தொட்டி கட்டலாம் என்பார் கூற்றிலும் நியாயம் உண்டு.

தொட்டி கட்ட எண்ணுவோர் அதற்குமுன் ஒரு தராசை எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்போகப் பயிர் நிற்கும் மாதத்தில் ஒரு வாரமும், கச்சான் வீசும் மாதத்தில் ஒரு வாரமும், கொட்டிலில் விழும் சாணத்தை நாள்தோறும் நிறுத்து எழுதிவைத்தல் வேண்டும். இரு வாரங்களுள் குறைந்ததை எடுத்து ஏழால் வகுத்து வருவதே அவ்வீட்டின் உண்மையான வரவு. அது 50 கிலோவுக்குக் குறைந்தால் அடுப்பு மட்டும் எரியட்டும். 90 கிலோவைத் தாண்டினால் சுடர்ப்பெட்டியைப்பற்றி விசாரிக்கலாம். இடையில் நின்றால், வழியும் வாயுவைத் தயிர்ப் பாலுக்குத் திருப்பிவிடலாம்.